காலஞ்சென்ற உறுப்பினர்

சங்கரன்கோவிலில் இருக்கும் கோமதிநாயகம் நினைவு நகரப் பொது ஓவியக் கூடத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் கோமதிநாயகமேதான். திறப்பு விழா மேடையில், நடு நாற்காலியில், சந்தன நிற ஜிப்பாவோடு உட்கார்ந்து, தன் நினைவைப் போற்றிப் பேசிய அத்தனை பேருக்கும் தலையசைத்துக் கைதட்டினார். தான் போன பிறகு பிள்ளைகள் செய்வார்களா என்ற சந்தேகம் நூல் வியாபாரிக்கு வரத்தானே செய்யும். அதற்குப் பிறகும் ரொம்ப காலம் நன்றாகவே இருந்தார்.

ஊருக்குக் கலை வந்தது தற்செயலாக. திருவனந்தபுரத்தில் ஒரு பழைய பங்களா ஏலத்துக்குத் தேக்கு மேசை எடுக்கப் போனவருக்கு மேசை கைநழுவிப் போயிற்று. வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், கடைசியில் சீந்துவாரற்றுக் கிடந்த படங்களைச் சட்டத்தோடு மொத்தமாக எடுத்து, வைக்கோல் வைத்து லாரியில் ஏற்றிவிட்டார். யார் வரைந்தது என்று ஏலக்காரனுக்கே தெரியாது. மடியில் நாய்க்குட்டியோடு ஒரு வெள்ளைக்காரி, ஒரு தட்டுத் திராட்சை, ஒரு குதிரை, ஒரு கப்பல், மழை பெய்து ஓய்ந்த, ஆளில்லாத ஒரு சாலை. இப்படி முப்பது சொச்சம். வீட்டில் மாட்ட அவர் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரிக்கு மேல்துணி போதாது என்பது அந்த அம்மாளின் கட்சி. அப்படித்தான் அவை பொதுமக்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

முதல் வருடம் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்த கூட்டம் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "இதுல சாமி எது?" என்று கேட்டது. சாமி இல்லை என்று தெரிந்ததும் மின்விசிறிக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தது. கூடத்துக்கு அவ்வளவு பேர் வந்தது அதுதான் கடைசி.

ஆனால் நிர்வாகத்தில் குறை சொல்ல முடியாது. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், புரவலர், வாரிசு உறுப்பினர் என்று ஒரு குழு. விதிமுறைகள் இருபது பக்கம். அதில் ஒரு விதி, உறுப்பினர் யாராவது காலமானால் அவர் படத்தைக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றது. சுவர் அளவாகத்தான் இருந்தது. ஆகவே ஓர் உறுப்பினர் போகும்போதெல்லாம் ஓர் ஓவியம் இறங்கிப் பின்னறைக்குப் போயிற்று. புரவலர் போனதில் குதிரை போயிற்று. துணைத் தலைவர் போனதில் கப்பல் போயிற்று. இன்றைக்கு உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க மீசை. நடுவில் அந்த வெள்ளைக்காரி மட்டும் நாய்க்குட்டியோடு, தவறான பெட்டியில் ஏறிவிட்ட பயணியைப் போல உட்கார்ந்திருப்பாள்.

செயலாளர் மருதப்பனுக்கு இதெல்லாம் ஒழுங்கின் அடையாளமாகவே பட்டது. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். 'மேற்படி' என்ற சொல்லை வீட்டிலும் பயன்படுத்துகிறவர். மனைவி முருகம்மாள் உயிரோடு இருந்தபோது, "மேற்படி குழம்புல உப்பு இல்ல" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. இப்போது குழம்பில் உப்பு இல்லை என்றால் சொல்வதற்கு ஆள் கிடையாது. சமைத்ததும் அவர்தான். ஒரு ஆளுக்கு உலை வைக்க இன்னும் கை பழகவில்லை. உளுந்தஞ்சோறு பொங்கினால் மூன்று வேளைக்கு வந்துவிடும். எள்ளுத் துவையல் தீர்ந்த பிறகும் சோறு மிஞ்சியிருக்கும்.

காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்குக் கூடத்துக்குப் போவார். ஆனி மாதக் காற்று சங்கரன்கோவிலுக்கு மழையைக் கொண்டுவராது, புழுதியைத்தான் கொண்டுவரும். கூட்டிப் பெருக்க வரும் மாடத்தி வேலையை முடிப்பதற்குள் மறுபடி ஒரு விரல் கனத்துக்குப் படிந்துவிடும். அவர் ஒரு பழைய வேட்டித் துண்டால் ஒவ்வொரு தலைவராகத் துடைத்துக்கொண்டு வருவார். பிறகு மேசையில் உட்கார்ந்து பார்வையாளருக்காகக் காத்திருப்பார். பகல் ஒரு மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வருவார்.

"அண்ணாச்சி, ஒரு ஆளும் வரல. பின்ன என்னத்துக்கு இங்கன வந்து காவக் காக்கிய?" என்பாள் மாடத்தி.

"யாராவது வந்து பூட்டியிருந்துச்சுன்னா?"

"வந்தாத்தான?"

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் அனுவுக்கும் இதே கேள்விதான். ஞாயிறு தவறாமல் அழைப்பாள். "அப்பா, ஒத்தையில கெடந்து என்ன செய்யுதிய? இங்க வந்துருங்க. அந்த வீட்டை வாடகைக்கு விட்டுருவோம்."

"கூடம் இருக்குல்லாம்மா" என்பார் அவர்.

நான்கு வருடமாக இந்த ஒரு பதில்தான் அவரைக் கோயம்புத்தூரிலிருந்து காப்பாற்றி வந்தது. பத்தாவது மாடியில், ஜன்னலைத் திறந்தால் அடுத்த பத்தாவது மாடி தெரிகிற வீட்டில், பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை டிவியோடு பேசிக்கொண்டிருக்கும் வாழ்க்கை அது. ஒரு தடவை போய்ப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தார். லிஃப்டில் எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர்கூட ஊர் எது என்று கேட்கவில்லை.

இந்த வைகாசியில் தலைவர் மூக்காண்டி காலமானார். விதிப்படி திராட்சைத் தட்டு இறங்கி, மூக்காண்டி ஏறினார். ஆணியை அடித்துவிட்டு ஸ்டூலில் இருந்து இறங்கும்போதுதான் மருதப்பனுக்கு உறைத்தது. குழுவில் இப்போது உயிரோடு இருப்பது அவர் ஒருவர். வாரிசு உறுப்பினர் மாரிக்கண்ணன் இருக்கிறான், கோமதிநாயகத்தின் பேரன். ஆனால் ஆடித்தபசுக் கொடியேற்றத்துக்கு முன் நடக்கும் ஆண்டுக் கூட்டத்தில் வாரிசு நீங்கலாக இரண்டு உறுப்பினராவது இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கட்டடம் வாரிசுக்கே திரும்பிவிடும். மாரிக்கண்ணனுக்கு அந்த இடத்தில் பைக் ஷோரூம் போடும் யோசனை இருப்பது பஸ் ஸ்டாண்டுவரை தெரிந்த விஷயம்.

இன்னொரு உறுப்பினர் இருக்கத்தான் செய்தார். கடையநல்லூர் ஜவுளி வியாபாரி பாதுஷா. இதில் ஒரே சிக்கல், கூடத்தின் கணக்கில் அவர் செத்துப் பதினாறு வருடம் ஆகிறது.

அது நடந்த விதம் இது. மாரிக்கண்ணனின் அப்பா சுடலைமணி அப்போது தலைவர். குற்றாலத்தில் சீசன் குளியலுக்குக் காரில் போனார். கடையநல்லூர் முக்கில், சாரல் வழியும் கண்ணாடி வழியாக ஒரு ஃபிளக்ஸ் போர்டைப் பார்த்தார். 'ஆழ்ந்த இரங்கல்' என்று போட்டு, ஆள் உயரத்துக்குப் பாதுஷாவின் படம். துபாயில் இறந்துபோனது பாதுஷாவின் அண்ணன். வியாபாரிகள் சங்கத் தலைவர் என்ற முறையில் இரங்கல் தெரிவித்தவர் பாதுஷா. செத்தவரின் படம் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. நம் ஊர் ஃபிளக்ஸில் வருந்துகிறவர்தான் பெரியவர் என்பது சுடலைமணிக்குத் தெரியாததல்ல. அவரே அப்படிப் பத்துப் பதினைந்து வைத்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு அவர் மனசெல்லாம் அருவியில் இருந்தது.

உடனே செயலாளருக்குப் போன் போட்டார். மறுநாளே அவசரக் கூட்டம். பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். மருதப்பன் இரங்கல் தீர்மானத்தை வாசித்தார், வாசிக்கும்போது நிஜமாகவே குரல் உடைந்தது. இருபது வருடச் சிநேகிதம் அது. எல்லாரும் கூட்டத்துக்கு வந்துவிட்டதால் கடையநல்லூருக்குத் துக்கம் விசாரிக்க, துட்டிக்குப் போக ஆள் இல்லை. ஒருவர் போயிருந்தாலும் வாசலில் நின்று வரவேற்றிருப்பார் பாதுஷா.

இரண்டு வாரம் கழித்து ஆண்டுக் கூட்டத்துக்கு அவர் பாட்டுக்கு வந்து சேர்ந்தார். சுவரில் தன் படம், மாலையோடு. அது மாட்டியிருந்த இடத்தில் முன்பு இருந்தது அந்த மழைச் சாலை. கூட்டத்துக்குக் கடையநல்லூரிலிருந்து அரைமணி முன்னாலேயே வந்து, அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டி நிற்பது பாதுஷாவின் வழக்கம். அன்றைக்கும் அதே இடத்தில் அப்படியே நின்றார்.

சுடலைமணி மூன்று தரம் கனைத்தார். "தீர்மானம் ஒருமனதா நிறைவேறியிருக்கு. பேப்பர்லயும் வந்துட்டு. இப்பம் வாபஸ் வாங்குனா கூடத்துக்கு மரியாதையா?" என்று சபையைக் கேட்டார். மரியாதை இல்லை என்று சபை கருதியது. பிறகு செயலாளரைப் பார்த்தார். மருதப்பன் எழுந்து, உறுப்பினர் அல்லாதோர் கூட்டத்தில் அமர இயலாது என்ற விதியைத் தலைநிமிராமல் வாசித்தார். பாதுஷா ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போனார். அதற்குப் பிறகு வரவே இல்லை.

இப்போது மருதப்பன் கருப்பட்டி மிட்டாய் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

புளியங்குடியில் பஸ் நின்றபோது எலுமிச்சை மூட்டைகளின் வாசம் உள்ளே வந்தது. அதைத் தாண்டியதும் வெயிலின் நிறம் மாறியது. மலை மேல் மேகம் இறங்கி, கடையநல்லூர் வரும்போது சாரல் கண்ணாடியில் கோடு போட்டது. ஒரே மாவட்டம்தான். இங்கே ஆனியில் குடை, அங்கே ஆனியில் புழுதி. பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் இறங்கி நடந்ததும் மறந்துபோயின.

வளைகுடாப் பணத்தில் எழும்பிய மூன்று மாடி வீடு. பிள்ளைகள் இருவரும் சார்ஜாவில். கதவைத் திறந்த மருமகள் ரூபியா உள்ளே திரும்பி, "மாமா, சங்கரங்கோயில்ல இருந்து ஒருத்தங்க வந்திருக்காங்க" என்றாள்.

பெரிய ஹாலில், பத்துப் பேர் உட்காரும் சோபாவின் ஓரத்தில் பாதுஷா ஒருவராக இருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. வலது கை லேசாக ஆடியது.

"யாரு, செயலாளரா? வாரும். என்ன, எனக்கு வருசாந்திரம் கழிக்க வந்தீரா?"

மருதப்பன் மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார்.

"எனக்குச் சீனி இருக்குவே."

"கருப்பட்டிதாம்லா."

"செத்து மௌத்தானவனுக்குச் சீனி என்ன, கருப்பட்டி என்ன. கொண்டாரும்." ஒன்றை எடுத்துக் கடித்தார். "மூக்காண்டி எப்பிடி இருக்காரு?"

"வைகாசியில தவறிட்டாரு."

பாதுஷா வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டு, "படம் மாட்டியாச்சா?" என்றார்.

"மாட்டியாச்சு."

"எதைக் கழத்துனீரு?"

"திராட்சைய."

"நல்ல திராட்சைவே அது" என்றார் பாதுஷா. ரூபியா சாயா கொண்டுவந்து வைத்தாள். ஆறும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மருதப்பன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மூக்காண்டி, இரண்டு உறுப்பினர், வாரிசு, ஷோரூம் என்று எல்லாவற்றையும் அலுவலக ஒழுங்கில் சொல்லி முடித்தார்.

"அப்பம் எண்ணிக்கைக்கு ஒரு ஆள் கொறையுது. அதான் ஒருநாளும் இல்லாத திருநாளா பஸ் ஏறி வந்திருக்கீரு."

"அப்பிடி இல்லவே."

"எப்பிடி?"

மருதப்பன் சாயாவைக் குடித்தார்.

"கதீஜா மௌத்தாகி எட்டு வருசமாச்சு" என்றார் பாதுஷா. "சங்கரங்கோயில்ல இருந்து ஒரு ஆள் வரல. பேப்பர்ல போட்டிருந்தோம். பாத்தீரா, இல்லையா?"

"பாத்தேன். மூக்காண்டி அண்ணாச்சிட்ட கேட்டேன். அவரு சொன்னாரு, உறுப்பினருக்கே இரங்கல் போட்டாச்சு, இப்பம் அவரு சம்சாரத்துக்குப் போட்டா யாருக்கு ஆறுதல் சொல்லுததா எழுதுததுன்னு."

"அது கூடத்துக்கு. உமக்கு என்னவே?"

வெளியே சாரல் வலுத்து, மாடிக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. கூடம் போகாத இடத்துக்குச் செயலாளர் போவது எப்படி என்றுதான் அன்றைக்கு அவர் யோசித்திருந்தார். அதை வாய்விட்டுச் சொன்னால் எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பது இப்போது தெரிந்தது.

"உம்ம சம்சாரம் தவறுனப்பம் நான் வந்தேன்" என்றார் பாதுஷா.

"வந்தீரா? நான் பாக்கலையே."

"வீட்டுக்கு வரல. தெரு முக்கு டீக்கடையில இருந்தேன். பாடை கட்டுன தேரு போச்சு. நீரு தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் பின்னால போனீரு. வத்திப் போயிருந்தீரு. பொறவு பஸ் ஏறி வந்துட்டேன்."

"வீட்டுக்கு வந்திருக்கலாம்லா?"

"செத்தவன் எப்பிடிவே துட்டிக்கு வருவான்? உம்ம தலைவமாரு பாத்தா பயந்துற மாட்டாங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். மருதப்பன் எழுந்து, "ஞாயித்துக்கிழமை பத்தரை மணிக்கு" என்றார். பாதுஷா, "பாப்போம்" என்றார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காற்று ஓங்கி அடித்தது. மாரிக்கண்ணன் பத்தரைக்கே வந்துவிட்டான். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். வியாபாரிகள் சங்கத் தேர்தலில் நிற்கிறான். கெட்டவன் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருப்பதற்கு அவனுக்கு நேரம் கிடையாது.

"அண்ணாச்சி, என்னைத் தப்பா நெனைச்சிராதிய. கலையை யாரு அழிக்கச் சொன்னா? ஷோரூம் வந்தா நாலு பேரு உள்ள வருவான். பைக்கு பாக்க வாரவன் படத்தையும் பாப்பாம்லா? இப்பம் யாரு பாக்கா?"

"நான் பாக்கேன்."

"நீங்க தொடைக்கிய" என்றான் மாரிக்கண்ணன்.

மாடத்தி ஜன்னலைச் சாத்தினாள். சாத்தியதும் உள்ளே இருட்டிவிட்டதால் திரும்பத் திறந்தாள். பதினொன்று தாண்டியது. மாரிக்கண்ணன் போனை இரண்டு முறை எடுத்து வைத்தான். பன்னிரண்டாகப் போகும்போது வாசலில் ஆட்டோ நின்றது.

பாதுஷா கையில் குடையோடு இறங்கினார். கடையநல்லூரில் நனைந்த குடை வழியிலேயே காய்ந்து, மடிப்பில் மட்டும் ஈரம் இருந்தது. படியேறி வந்து, தன் படத்தின் முன்னால் நின்றார். பிளாஸ்டிக் மாலை பழுப்பேறியிருந்தது.

"எங்க ஆளுவ படமே மாட்ட மாட்டோம்வே. நீரு மாலையும் போட்டு வச்சிருக்கீரு. ரோடு எங்க?"

"பின்னறையில இருக்கு. பத்திரமா."

"நல்லது" என்று நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எங்கன கையெழுத்துப் போடணும்?"

மாரிக்கண்ணன் எழுந்து, அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தான். "பெரியவரு வந்தது ரொம்ப சந்தோஷம். ஆனா விதியைப் பாக்கணும்லா? ரெக்கார்டுபடி நீங்க இல்ல."

"இங்கனதான இருக்கேன்."

"அது சரி. ஆனா நீங்க உயிரோட இருக்கியன்னு தீர்மானம் போடணும். அதுக்கு ரெண்டு உறுப்பினர் வேணும். அண்ணாச்சி ஒராளுதான். ரெண்டாவது ஆளு நீங்க. நீங்க உறுப்பினர் ஆகணும்னா மொதல்ல உயிரோட இருக்கணும்."

மாடத்தி விளக்குமாற்றோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், "ஏ ஆத்தா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒரு வழி இருக்கு" என்றான் மாரிக்கண்ணன். அவன் வழியோடுதான் வந்திருந்தான். "புது உறுப்பினர் சேக்கதுக்குச் செயலாளர் கையெழுத்தும் வாரிசு கையெழுத்தும் போதும். காலஞ்சென்ற பாதுஷா எடத்துல, பாதுஷான்னு ஒருத்தரைப் புதுசா சேப்போம். கோரம் வந்துரும். கூடமும் நிக்கும். முன் ஹாலை எனக்கு வாடகைக்கு விட்டுருங்க, பின் ஹால் உங்களுக்கு. அண்ணாச்சியை வெளிய தள்ளிட்டான்னு ஊருல பேரு வாங்க எனக்கு ஆகாது. அண்ணாச்சி இருக்கவரைக்கும் ஒருத்தனும் கேக்க மாட்டான். எழுதித் தாரேன்."

மருதப்பனுக்கு உடம்பில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. பின் ஹால் சின்னது, ஆனாலும் ஹால். பூட்டு இருக்கும், சாவி இருக்கும். ஒன்பதரைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்ள முடியும். அனு போன் செய்தால் பழைய பதிலே செல்லும்.

"இவரு படம்?" என்று கேட்டார்.

"அது இருக்கட்டும். அது பழைய பாதுஷா. கழத்துனா அப்பா போட்ட தீர்மானம் தப்புன்னு ஆயிரும்லா? தேர்தல் நேரம் அண்ணாச்சி. எதிர்க்கட்சிக்காரன், உயிரோட இருக்கவனுக்கு மாலை போட்ட குடும்பம்னு ஃபிளக்ஸே வச்சிருவான்."

"அப்பம் தப்புன்னு எழுதுனா?"

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் செய்ய மாட்டேன்."

இருவரும் பாதுஷாவைப் பார்த்தார்கள். அவர் குடைப்பிடியைத் தாடையில் முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"எழுதும்வே" என்றார் மருதப்பனிடம். "எனக்கு ஒண்ணுமில்ல. பதினாறு வருசம் தொங்கியாச்சு, இன்னும் கொஞ்ச நாளு தொங்கிட்டுப் போறேன். நெசமாவே மௌத்தானா ரெண்டாவது படம் மாட்டுற செலவு உமக்கு மிச்சம்."

மருதப்பன் தீர்மானப் புத்தகத்தைத் திறந்தார். ஆயுளில் அவர் தீர்மானத்துக்கு விரோதமாக ஒரு வரி எழுதியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தபோது, மழைக்கு ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, கூரை நல்ல நிலையில் உள்ளது என்ற தீர்மானத்தை நகல் எடுத்தவர். பேனாவின் மூடியைக் கழற்றிப் பின்னால் சொருகினார். தேதி போட்டார். 'காலஞ்சென்ற உறுப்பினர்' என்று தொடங்கினார். எழுதிவிட்டு அந்த இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டிருந்தார். டீக்கடையில் தனியாக உட்கார்ந்து, தேர் போவதைப் பார்த்துவிட்டு, ஒருவரிடமும் பேசாமல் பஸ் ஏறிய ஆள் எதிரே இருந்தார்.

'காலஞ்சென்ற' என்பதை அடித்தார். அடித்த இடத்தில் விதிப்படி சுருக்கொப்பம் இட்டார். பிறகு நிறுத்தாமல் எழுதினார். எழுதி முடித்து வாசித்தார், இந்த முறை தலைநிமிர்ந்து.

"உறுப்பினர் பாதுஷா அவர்கள் இறந்ததாக இக்கூடம் நிறைவேற்றிய தீர்மானம் தவறு. அவர் அன்றும் உயிரோடு இருந்தார், இன்றும் இருக்கிறார். அவரை அமரவிடாமல் விதியை வாசித்ததும் தவறு. மேற்படி விதியை வாசித்தவன், மருதப்பன், செயலாளர்."

மாரிக்கண்ணன் புத்தகத்தைத் திருப்பி ஒருமுறை படித்தான். அவனுக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. நல்ல வியாபாரத்தை வேண்டாம் என்று போகிறவனைக் கடைக்காரன் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"ஒரு மாசம் எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி. சாவியை மாடத்திட்ட குடுத்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான்.

கார் போன பிறகு பாதுஷா கேட்டார். "கிறுக்காவே உமக்கு? பின் ஹாலாவது மிஞ்சியிருக்கும்லா?"

"எழுதிட்டேன்."

"இனிமே அந்தப் புத்தகத்தை யாரு படிக்கப் போறா?"

"நீரு படியும்."

பாதுஷா சட்டைப்பையில் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். கை ஆடியதால் புத்தகத்தை மேசையில் வைத்து, விரல் வைத்துப் படித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் பையில் வைக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

மாடத்தி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, மருதப்பன் ஏறிப் படத்தைக் கழற்றினார். பின்னால் சுவரில் சதுரமாக ஒரு வெள்ளை. மாடத்தி மாலையைக் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டாள். பாதுஷா தன் இளவயது முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆளு மோசமில்ல" என்றார். அதைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனார் மருதப்பன். வழியில் இருவரும் பேசிக்கொண்டது காற்றைப் பற்றியும் முட்டிவலியைப் பற்றியும்தான்.

அந்த ஒரு மாதம், காலமான உறுப்பினர்களின் வீடுகளுக்குப் போய்ப் படங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒரு வீட்டில், எங்களிடம் ஏற்கெனவே அப்பா படம் இருக்கிறது என்றார்கள். இன்னொரு வீட்டில் இடம் இல்லை என்றார்கள். புரவலர் வீட்டுப் பேரன், "யாரு இது?" என்றான். ஆடித்தபசுக் கூட்டம் வந்தது, போயிற்று. கூடத்துக்குள் ஒருவரும் வரவில்லை. கடைசி நாள் எல்லாரையும் ஒருமுறை துடைத்து, பின்னறையில் சுவரைப் பார்க்க அடுக்கி வைத்துவிட்டு, மாடத்தியிடம் சாவியைக் கொடுத்தார்.

"இனி காலையில என்ன செய்வியண்ணாச்சி?" என்றாள்.

"மகவீட்டுக்குப் போறேன். புதன்கிழமை ரயிலு."

அனுவிடம் சொல்லியாயிற்று. அவள் அழுதாள், சந்தோஷத்தில். வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்துவிட்டது. முருகம்மாளின் பாத்திரங்களைப் பரணில் ஏற்றியாயிற்று.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். போவதற்கு இடம் இல்லை. கொஞ்ச நேரம் நடுவீட்டில் நின்றவர், வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கடையநல்லூரில் இறங்கினார். கையில் மிட்டாய் இல்லை, பழம் இல்லை. துட்டிக்குப் போகிறவர் ஒன்றும் கொண்டு போகக் கூடாது.

ரூபியா கதவைத் திறந்தாள். அவர் அவளிடம் எதுவும் கேட்காமல் உள்ளே போய், சோபாவில் பாதுஷாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதுஷா திரும்பிப் பார்த்து, வாரும் என்று சொல்ல வாயெடுத்தவர், வந்தவரின் முகத்தையும் வெறுங்கையையும் பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டார். மருதப்பன் அவருடைய ஆடும் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"மதினிக்கு என்ன செஞ்சது?" என்று கேட்டார் மருதப்பன்.

"காய்ச்சல்தான்வே. ரெண்டு நாளு காய்ச்சல்" என்று தொடங்கினார் பாதுஷா. முதல் நாள் கஞ்சி வேண்டாம் என்றது, இரண்டாம் நாள் தானாக எழுந்து தலைசீவிக்கொண்டது, தென்காசிக்கு வண்டி பிடித்தது, பாதி வழியில் ஜன்னலைத் திறக்கச் சொன்னது, திறந்ததும் முகத்தில் பட்ட சாரலைத் துடைக்க வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். எட்டு வருடமாக யாரிடமும் முதலிலிருந்து சொல்லக் கிடைக்காத விஷயம். பிள்ளைகளுக்குப் போனில் முடிவைத்தான் சொல்ல முடிந்தது. ரூபியா சமையலறைக் கதவருகே நின்று கேட்டாள். அவளுக்கே பாதி புதிதாக இருந்தது.

சொல்லி முடித்தபோது பள்ளிவாசலில் மதிய லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மருதப்பன் பிடித்திருந்த கையை மெதுவாகப் பாதுஷாவின் மடியில் வைத்தார்.

நாளைக்கு ரயில் என்று சொல்லத்தான் பாதி வந்தது. கோயம்புத்தூர், பத்தாவது மாடி, திரும்பி வருவது நிச்சயமில்லை என்பதெல்லாம் பஸ்ஸிலேயே வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ஆனால் துட்டிக்கு வந்த வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு புறப்படுகிற வழக்கம் கிடையாது. எழுந்தார். பாதுஷா ஏறிட்டுப் பார்த்தார். அவருக்கும் அந்த வழக்கம் தெரியும்.

வாசலில் ரூபியா, "கெளம்பிட்டியளா?" என்றாள்.

மருதப்பன் பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு சாரலில் இறங்கினார்.